ஷாஃப்ட் வண்டி (செயினுக்குப் பதிலாக இரும்புத் தண்டு பின்சக்கரத்தைச் சுற்றுகிற மோட்டார்சைக்கிள்) வைத்திருப்பவர்களே, பின்சக்கரத்தைக் கழற்றியபோது என்ன பார்த்தீர்கள்?

திருநகர்க்காரன்:

சக்கரத்தை வெளியே இழுத்ததும் அதன் நடுவில் இருக்கிற ஹப்பிலிருந்து செம்பொடி கொட்டியது. குங்குமம் மாதிரி அவ்வளவு நைசு. போர்டிகோ தரையில் அது விழுந்து கிடந்ததைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பெங்களூருவில் கைமாற்றி வாங்கிய ஜப்பான் வண்டி. விற்றவர் வயதானவர். சாவியைக் கொடுக்கும்போது, "தம்பி, டயர் மாத்துறப்பல்லாம் ஸ்ப்ளைன்ல மாலி பேஸ்ட் வைக்க மறந்துடாதீங்க" என்றார். ஸ்ப்ளைன் என்பது ஷாஃப்ட் பக்கமும் ஹப்பும் பல்லோடு பல் கோத்து நிற்கிற இடம், மாலி பேஸ்ட் அதில் பூசுகிற மாலிப்டினம் பசை. தலையை ஆட்டினேன். செயின் இல்லாத வண்டிக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைப்பு. மூன்று வருஷத்தில் 26,000 கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். டயர் இரண்டு தடவை மாற்றினேன். இரண்டு தடவையும் டயர் கடையில் சக்கரத்தை அப்படியே துடைத்து மாட்டிவிட்டார்கள், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

திராட்டிலை விட்டுப் பிடிக்கும்போது பின்னால் 'டக்' என்று ஒரு தட்டல். பேரிங் என்று நினைத்துத்தான் கழற்றினேன். ஹப்பைச் சிம்மக்கல் பக்கம் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெரியவர் விளக்குக்கு நேராகப் பிடித்து, என் கையை இழுத்துப் பல்லின் மேல் நகத்தை வைக்கச் சொன்னார். மேலே தட்டையாக இருக்க வேண்டிய பல், ரம்பப் பல் மாதிரி கூர்ந்து போயிருந்தது. நடுவில் ஒரு படி, நகம் அங்கே நின்றது. "எண்ணெ இல்லாம ஒண்ண ஒண்ணு தின்னுருக்கு தம்பி. இத நான் கடைஞ்சு தர முடியாது" என்றார்.

பெங்களூருக்காரருக்கு இன்னும் போன் செய்து சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோச்சடை:

எனக்கு ஸ்ப்ளைன் இல்லை, ஃபைனல் டிரைவ் ஆயில், அதாவது ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டியின் ஆயில். கொடைக்கானல் கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயந்திரம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கீழே தட்டை வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் முழுக்க இறங்கியது. கடைசிச் சொட்டு விழுந்ததைக்கூடப் பார்த்தேன். அப்புறம் மேலே ஊற்றுகிற போல்ட்டில் அல்லன் கீயைப் போட்டால் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், அறுகோணம் உருண்டு வட்டமாகிவிட்டது. உள்ளே ஆயில் இல்லை, ஊற்ற வழியும் இல்லை.

கப்பலூரில் லாரி வேலை பார்க்கிற ஒரு அண்ணன் டிவிஎஸ் 50-ல் வந்தார். வந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. சுத்தியலால் போல்ட் தலையில் நேராக நாலு தட்டு. பிறகு உளியை ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றுகிற பக்கமாக மெதுவாகத் தட்டினார். ஆறாவது தட்டில் 'கிறீச்' என்றது. அந்தச் சத்தத்துக்கு என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "மொதல்ல மேல தொறக்குதான்னு பாத்துட்டுத்தான்ணே கீழ தொறக்கணும். லாரி டிஃபரன்ஷியலுக்கும் இதே கதைதான்" என்றார். காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார்.

திருநகர்க்காரரே, டயர் கடையைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது செயின் வண்டிதான்.

ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், ஒத்தக்கடை:

கோச்சடைத் தம்பிக்கு ஒரு திருத்தம். மோட்டார்சைக்கிளில் டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது இரண்டு சக்கரம் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும், அதற்காகத்தான் டிஃபரன்ஷியல். பின்னால் ஒரே சக்கரம் இருக்கிற வண்டியில் எதைப் பிரிக்கப் போகிறது? உள்ளே இருப்பது கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள் மட்டும். ஷாஃப்ட் நீளவாக்கில் சுற்றுவதை 90 டிகிரி திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. 1923-ல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 32-லேயே ஷாஃப்ட்தான்.

என் அனுபவம் சின்னது. நத்தம் ரோட்டில் பஸ்ஸின் புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கிற கூட்டல்குறி வடிவத் துண்டு) உடைந்து, ஷாஃப்ட் ரோட்டில் தட்டிக்கொண்டே வந்தது. நிறுத்திக் கிராஸைக் கழற்றினால் நாலு கப்பில் ஒன்றில் கிரீஸ் காய்ந்து மண்ணாக இருந்தது. நாற்பது பேர் இறங்கி வெயிலில் நின்றார்கள். அந்த ஒரு கப்பை விட்டது நான்தான்.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து ஆயிலை இறக்குங்கள், சூட்டில்தான் அடியில் தங்கியது எல்லாம் வெளியே வரும். பல வண்டிகளில் டிரெயின் போல்ட்டில் காந்தம் இருக்கும். அதில் கரும்சாம்பல் களிம்பு ஒட்டியிருந்தால் பயமில்லை, பல் தேய்வது இயல்பு. விரலால் நிமிண்டிப் பார்த்து ஊசி மாதிரி, செதில் மாதிரி எதுவும் குத்தினால் வண்டியை எடுக்காதீர்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், அது நசுங்கித்தான் அடைக்கிறது. பழைய வாஷரையே மாட்டிவிட்டுக் கசிகிறது என்று போல்ட்டை முறுக்கினால் அலுமினிய ஹவுசிங்கின் மரை போய்விடும். கையேட்டில் இருக்கிற கிரேடைத்தான் ஊற்ற வேண்டும். மதுரை வெயிலுக்குக் கெட்டியாக இருக்கட்டும் என்று டிராக்டருக்கு ஊற்றுகிற 140 கிரேடு ஆயிலை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். பைக்கில் பெரும்பாலும் கிராஸுக்கு நிப்பிள் (கிரீஸ் ஏற்றுகிற முனை) இருக்காது, கிரீஸ் கன் வேலைக்கு ஆகாது. நியூட்ரலில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் கையால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது பல்லிடை இடைவெளி. போன வருஷத்தைவிட கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஷாஃப்ட்டை மூடுகிற ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும். ஸ்ப்ளைனுக்கு மாலி பேஸ்ட் கிடைக்காவிட்டால் நல்ல வீல் பேரிங் கிரீஸே போதும், ஒன்றும் ஆகாது.

மேலூர்:

ஐயா, உங்கள் வேலையில் பாதி அனுபவம்கூட எனக்கு இல்லை. ஆனால் கடைசியில் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் வைத்தது அந்த வீல் பேரிங் கிரீஸ்தான். எங்கள் பக்கம் கிரானைட் தூசி எப்படி என்று தெரியும் உங்களுக்கு. 8,000 கிலோமீட்டர் கழித்துக் கழற்றினால் கிரீஸ் பாதி சிதறி ரிம்முக்கு உள்ளே கோடு கோடாக அப்பிக்கிடந்தது. மீதியில் தூசி சேர்ந்து, தொட்டால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி நறநறவென்று இருந்தது. நல்லது என்று நினைத்து வைத்தது பல்லை அரைத்துக்கொண்டிருந்தது.

சுற்றுகிற வேகத்தில் சாதா கிரீஸ் வெளியே போய்விடும். மாலிப்டினம் பொடி அதிகம் உள்ள பேஸ்ட் என்றால், எண்ணெய் போனாலும் பொடி இரும்பின் மேல் படலமாக ஒட்டி நிற்கும். ஸ்ப்ளைன் பேரிங் மாதிரி உருளுவதில்லை, ஒரே இடத்தில் நுணுக்கமாக உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த உரசலில் துருவாகிக் கொட்டுவதுதான் திருநகர்க்காரர் பார்த்த செம்பொடி. இப்போது மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஈரமில்லாமல் துடைத்து, பல் துலக்குகிற பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசுகிறேன்.

அழகர்கோவில் ரோடு:

வண்டி அப்பாவுடையது. ஆயில் மாற்றும்போது டார்ச் பிடிப்பது என் வேலை. அப்பா மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சில் எண்ணி ஊற்றுவார். "நாலு ஊசி, அதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்மா" என்பார். 200 மில்லி.

அப்பா போன பிறகு முதல் தடவை நான் தனியாகச் செய்தேன். சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற எனக்குப் பலம் போதவில்லை, சைடு ஸ்டாண்டிலேயே சாய்ந்து நின்றது. துளையின் விளிம்புக்கு வந்தால் போதும் என்று புத்தகத்தில் இருந்ததால் ஊற்றிக்கொண்டே இருந்தேன், விளிம்புக்கு வரவே இல்லை. ஆறாவது ஊசியில் பாதிக்கு வந்தபோதுதான் வழிந்தது. நாலு ஊசி என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊற்றினேன்.

மறுநாள் அழகர்கோவில் போய்விட்டு வந்து நிறுத்தினேன். பின்டயரின் பக்கவாட்டில் ஈரமாக ஒரு கருப்புக் கோடு. தொட்டு முகர்ந்தால் அந்தக் கந்தக வாடை. சூட்டில் ஆயில் விரிந்து சீல் வழியாகக் கசிந்திருக்கிறது. அந்த டயரோடுதான் வளைவுகளில் எல்லாம் சாய்த்து வந்திருக்கிறேன். படியில் உட்கார்ந்துவிட்டேன், ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

மெக்கானிக் ஐயா, சென்டர் ஸ்டாண்டு என்பதை நீங்கள் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக், ஒத்தக்கடை:

ஆமாம்மா, விட்டுவிட்டேன். பலம் வேண்டியதில்லை. ஸ்டாண்டின் மிதியில் முழு உடம்பெடையையும் வையுங்கள், கையால் தூக்காதீர்கள், வண்டி தானே பின்னால் ஏறும். பின்சக்கரத்துக்கு அடியில் அரை அங்குலப் பலகை ஒன்றைப் போட்டால் இன்னும் சுலபம். சீலை மாற்றிவிட்டீர்களா? பிரேக் டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் பேடையும் பாருங்கள். மேலூர்த் தம்பி, தூசி விஷயம் நான் யோசிக்காதது. பஸ்ஸில் ஸ்ப்ளைனுக்கு நிப்பிள் உண்டு, வாராவாரம் புதுக் கிரீஸ் ஏறும். இங்கே அது இல்லை. நீங்கள் சொல்வதுதான் சரி.

திருநகர்க்காரன்:

ஹப் பார்ட் வந்துவிட்டது. நேற்று மாட்டினேன், மாலி பேஸ்ட் வைத்து, மெல்லிசாக. 'டக்' சத்தம் இல்லை. ஃபைனல் டிரைவ் பக்கத்துப் பல் பாதி தேய்ந்துதான் இருக்கிறது, அதை அடுத்த டயர் வரைக்கும் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

ராத்திரி பெங்களூருக்காரருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேஸ்ட் டப்பா ஒண்ணு சீட்டுக்கு அடியில வச்சுத்தானே குடுத்தேன்?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். டூல்ஸ் பைக்குப் பின்னால், துணியில் சுற்றி, இருந்தது.