அரசாங்கத்தை நம்பவோ நம்பாமல் இருக்கவோ உங்கள் வீட்டில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தேயிலைப்பூ (கோத்தகிரி):
போன வாரம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் வந்தார். ஆதார் நகல் போதும் என்றார். தாத்தா கேட்டால்தானே? கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்து, 1972இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது வைத்திருந்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, இங்கே வந்து இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமின் காகிதங்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டார். டீச்சர் டீ குடித்து முடிக்கும்வரை ஒரே பேச்சு: “நாங்க ஓடி வந்தவங்க இல்லம்மா, ஒப்பந்தத்துல வந்தவங்க.” 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். தாத்தாவை யாரும் கேட்கவில்லை.

அப்பா நேர் எதிர். தாயகம் திரும்பியோருக்காக அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை, குவார்ட்டர்ஸ். “சோறு போட்டது கவர்மென்ட்” என்பார். நான் தாத்தா கட்சி. எந்த ஃபாரம் வந்தாலும் மூன்று நகல் எடுத்து வைக்கிறேன். எனக்கு 31 வயது, அந்தக் கப்பலைப் பார்த்ததுகூட இல்லை. இது என் அரசியல் கருத்தா, தாத்தாவின் பயமா?

லயத்துப்பிள்ளை (ஹட்டன்):
உங்களுக்கு டின், எங்கள் அம்மாவுக்குத் தலையணை உறை. பாட்டன் இங்கே இலங்கையில் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். 1948 சட்டத்தில் பிரஜாவுரிமை போனது. 1952இல் பட்டியலில் பெயரே இல்லை. அம்மா இங்கே தோட்டத்தில் பிறந்தும் 2003 சட்டம் வரும்வரை நாடற்றவர்தான். அவர் அரசாங்கத்தை நம்பமாட்டார், தொழிற்சங்கத்தை நம்புவார். சம்பளத்தில் சந்தா பிடித்தாலும் “அது நம்ம ஆள்” என்பார். நான் இரண்டையும் நம்புவதில்லை. ஆனால் அது வீட்டில் வந்ததில்லை, கொழும்பில் கடையில் நின்ற ஆறு வருடத்தில் வந்தது.

வைகைக்கரை:
கட்சியையும் அரசாங்கத்தையும் போட்டுக் குழப்புகிறீர்களோ? எங்கள் தாத்தா 1965 இந்தி எதிர்ப்பில் உள்ளே போனவர். அரசாங்கம் என்றாலே ஆகாது. 1967இல் அண்ணா முதல்வரானதும் அதே தாலுகா ஆபீசுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். 1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்தபோது சித்தப்பா அந்தப் பக்கம் போக, பாட்டி கொஞ்ச நாள் இரண்டு பந்தி வைத்தார். நம் ஆள் உட்கார்ந்தால் நம்பிக்கை, அவ்வளவுதான்.

மழைக்காலம்:
அரசியல் இருக்கட்டும், அந்தக் காகிதங்களை முதலில் ஸ்கேன் பண்ணி வையுங்கள். டின் துருப்பிடிக்கும்.

தேயிலைப்பூ:
ஸ்கேன் ஆச்சு :)
வைகைக்கரை அண்ணா, எங்கள் வீட்டில் கட்சிக்கு இடமே இல்லை. தாத்தா ஒரு தேர்தலையும் விட்டதில்லை. காலை ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆள். யாருக்குப் போட்டார் என்று வாயைத் திறக்கமாட்டார். ஒருமுறை அப்பா விடாமல் கேட்டபோது சொன்னார்: “எவனுக்குப் போட்டா என்ன? போடலைன்னா பேரை எடுத்துருவான்.”

டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துண்டுச் சீட்டும் டின்னுக்குள் போய்விட்டது. பிளாஸ்டிக் உறை வாங்கி வந்து போட்டுக் கொடுத்தது நான்தான்.