புதுப்பிப்பு: பொங்கலுக்கு நெடுந்தீவு வந்த எங்கட ஆக்கள்

கொழும்பில இருந்து சித்தி குடும்பம் ஒன்பது பேர் பொங்கல் லீவுக்கு மூண்டு நாள் யாழ்ப்பாணத்துக் கடலுக்க இருக்கிற எங்கட நெடுந்தீவுக்கு வருகினம், தண்ணிக்கும் படுக்கைக்கும் என்ன செய்யிறதெண்டு முந்தி கேட்டிருந்தனெல்லோ. குடிதண்ணியை முதலே நிரப்பி வையுங்கோ எண்டு சொன்ன எல்லாருக்கும் பெரிய நன்றி, எங்கட கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி வைச்சாலும் உப்புக் கரிக்கும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து இஞ்ச வர ஒரு மணித்தியாலப் படகு, வாடைக்காத்துக்குக் கடல் சரியான கொந்தளிப்பு, சித்தி கண்ணை மூடித் தேவாரம் பாடினபடிதான் வந்து இறங்கினவ. முத்தத்தில, முருகைக்கல் மதிலடியில பொங்கினம். பிள்ளையள் இஞ்சத்தைக் காட்டுக் குதிரையளைப் பாக்க வேணுமெண்டு ஒரே கரைச்சல், ஆனா வெட்டையில கூட்டமா மேயிறதைக் கண்டதும் ஒருத்தரும் கதைக்கேல்ல, சின்னவள் என்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள்.

போக வேண்டிய அண்டைக்குக் காத்துக் கூடி படகு ஓடேல்ல. அயல்வீட்டு மாமா கரையில பிடிச்ச நண்டு கொண்டந்து தந்தவர், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு) மாவில கூழ் காய்ச்சி, பனையோலையில பிளா (கூழ் குடிக்கிற ஓலைக் கிண்ணம்) கோலி ஆளுக்காள் சுடச்சுட வாத்துக் குடுத்தன். அதைக் குடிக்க நெடுந்தீவுக்குத்தான் வரவேணும்!

பாய் எல்லாருக்கும் காணாமப் போச்சு எண்டில்லை, போதேல்ல, சாக்கு விரிச்சும் படுத்தவை. சித்தி படகில ஏறேக்க, "சித்திரைக்கும் வாறம் பிள்ளை, ஒடியல் மா எடுத்து வை" எண்டவ.