தாத்தாவின் பிறப்புப் பதிவு: புதுப்பிப்பு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தாத்தாவின் பிறப்புப் பதிவு அகப்படவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேனே, கிடைத்துவிட்டது! தோட்டத்துக்கு நாம் சொல்லும் பெயர் ஒன்று, பதிவேட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறு, அது தெரியாமல் எழுதிக் கொடுத்தால் இல்லை என்றுதான் பதில் வரும், எனக்கும் இரண்டு தடவை வந்தது. ஓய்வுபெற்ற கிளாக்கர் (தோட்ட அலுவலக எழுத்தர்) ஐயா ஒருவர்தான் சரியான பெயரைச் சொன்னார். அப்புறம் 1929 முதல் 1932 வரை தேடச் சொல்லி விண்ணப்பித்தேன்.

பதிவில் பிள்ளையின் பெயர் எழுதும் இடம் காலி. ஆண், அப்பா பெயர், அம்மா பெயர், அவ்வளவுதான். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிட்டார்கள் போல. கொள்ளுத்தாத்தா பெயரை வைத்துத்தான் பிடித்தோம், அதிலும் ஓர் எழுத்து பிழை.

1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தாத்தாவிடம் கேட்டதும் இந்த மாதிரிக் காகிதத்தைத்தான், அவருடைய அப்பாவும் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு. லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரிடம் அது இருந்தது?

அடுத்து கொள்ளுத்தாத்தா. வேதக்காரக் குடும்பம் என்றால் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாம், நமக்கு அந்த வழியும் இல்லை.