காப்பகத்து நாயை வீட்டுக்குக் கொண்டுவர முன்னம் என்னென்ன பார்க்கோணும்?

வடலி:
கோண்டாவிலில இருக்கிறம். காப்பகத்தில இருந்து ரெண்டு வயதளவு ஊர்நாய் ஒண்டை எடுக்க யோசிக்கிறம். முன்பக்கம் மதில், பின்பக்கம் கிடுகு வேலி. ஆறு வயதுப் பிள்ளையும் ஒரு பூனையும் இருக்கினம். வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாவின்ர 25 நாளும் வீட்டில மச்சம் இல்லை. எடுக்கப் போகேக்க எதைப் பார்க்கோணும், வந்த பிறகு என்ன செய்யோணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

முற்றத்துவேம்பு:
கூட்டுக்கு வெளியில நிண்டு பார்த்து முடிவெடுக்காதேங்கோ. உள்ளுக்குக் குரைச்சுப் பாயிற நாய் வெளியில வந்தால் அடங்கி நிக்கும். மூலையில படுத்திருக்கிறது பயத்திலயும் இருக்கலாம், காய்ச்சலிலயும் இருக்கலாம். பட்டி போட்டு வெளியில கொஞ்சத் தூரம் நடத்தச் சொல்லிக் கேளுங்கோ.

மேல் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கோ. இளஞ்சிவப்பா இருக்கோணும். வெளிறியிருந்தால் உண்ணியால வாற பபீசியா, ஏர்லிக்கியா போல நோயாய் இருக்கலாம். இரத்தம் சோதிக்காமல் கொண்டுவர வேண்டாம். காதுமடலுக்கு உள்ளையும் விரல் இடுக்கிலயும்தான் உண்ணி ஒளிச்சிருக்கும்.

தடுப்பூசி அட்டையில வெறும் திகதி காணாது. மருந்துப் போத்தலில இருந்து உரிச்சு ஒட்டின லேபலும் வைத்தியரின்ர கையொப்பமும் இருக்கோணும். விசர்நாய் ஊசியை மட்டும் போட்டுவிட்டு எல்லாம் போட்டாச்சு எண்டு சொல்லுற இடங்களும் உண்டு. டிஸ்ரெம்பர், பார்வோ (ரெண்டும் நாய்க்கு வாற வைரசு நோய், பார்வோவில கடுமையா வயித்தாலடிக்கும்), எலிக்காய்ச்சல் சேர்ந்த ஊசியையும் கேளுங்கோ. எலிக்காய்ச்சலுக்கு முதல்முறை 2–4 கிழமை இடைவெளியில ரெண்டு தரம், பிறகு வருசத்துக்கு ஒருதரம். 2024 மார்கழியில குடாநாட்டில எலிக்காய்ச்சல் பரவி உயிர்களே போனது. நோய் தொற்றின நாயின்ர சிறுநீரிலயும் அந்தக் கிருமி வரும், வெள்ளம் நிக்கிற வளவில பிள்ளை வெறுங்காலோட திரிவான் எண்டால் இதில விட்டுக்கொடுக்க ஏலாது.

வருசா வருசம் பிரதேச சபையில நாயைப் பதியோணும். விசர்நாய் ஊசி அட்டையையும் கொண்டு போங்கோ.

கிணற்றடி:
வேம்பு சொன்னதோட வேலியையும் யோசியுங்கோ. புதுநாய் முதல் நாட்களிலதான் தப்பி ஓடும், அதுக்கு உங்கட வீடு எது எண்டு இன்னும் தெரியாது. கிடுகை மூக்கால விலத்தி, அடிமண்ணைக் கிளறிக்கொண்டு போயிடும். உட்பக்கமாக் கம்பிவலை அடிச்சு, அடியை ஒரு அடி ஆழத்துக்குத் தாட்டுவிடுங்கோ. கழுத்துப்பட்டிக்குள்ள ரெண்டு விரல் போகோணும், அதுக்கு மேல தளர்ந்தால் பின்னுக்கு இழுத்துத் தலையைக் கழற்றும். நெஞ்சுப்பட்டியும் சேர்த்துப் போட்டால் நல்லம். தீபாவளி, வருசப்பிறப்பு வெடிக்குக் கிட்ட எடுக்காதேங்கோ.

பூனை இருக்கிறதால ஒண்டு கட்டாயம்: பெர்மெத்ரின் உள்ள உண்ணி மருந்தை நாய்க்குப் பூச வேண்டாம். நாயோட உரசிப் படுத்தாலே பூனைக்கு வலிப்பு வந்து செத்தும் போகலாம். ஃபுளூரலேனர் போன்ற குளிசையை நிறைக்கு ஏற்ற அளவில வைத்தியரிட்ட வாங்குங்கோ. மருந்து குடுத்தும் உண்ணி வருகுது எண்டால் சுவர் வெடிப்பையும் படுக்கிற சாக்கையும் பாருங்கோ, முட்டை அங்கதான் இடும்.

வடலி:
நன்றி ரெண்டு பேருக்கும். அப்ப சாப்பாடு? சைவ நாட்களில சோறும் சொதியும் போதுமோ?

முற்றத்துவேம்பு:
சொதி வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின்ர செங்குருதிக் கலங்களை உடைக்கும், தேங்காய்ப்பால் கொழுப்பு வயித்தாலடிக்க வைக்கும். கருவாட்டு உப்பும் கூடாது, சமைச்ச கோழி எலும்பு முள்ளாய் உடைஞ்சு குடலைக் குத்தும். மச்சம் இல்லாத நாட்களுக்கு நாய்த்தீனி வாங்கி வைச்சிருங்கோ. காப்பகத்தில என்ன குடுத்தவையோ அதையே முதலில குடுத்து, காற்பங்கு, அரைப்பங்கு எண்டு ஏழு நாளில மாத்துங்கோ. எடுத்த உடனே மாத்தினால் வயிறு குழம்பும். அது பார்வோவோ தீனியோ எண்டு ஆருக்கும் தெரியாமல் போகும். வயித்தாலடியோட இரத்தமோ சத்தியோ கண்டால் அண்டைக்கே வைத்தியரிட்ட.

கிணற்றடி:
பிள்ளைக்கு ரெண்டே விதி: சாப்பிடேக்க கிட்டப் போகக்கூடாது, படுத்திருக்கேக்க கட்டிப்பிடிக்கக்கூடாது. பல்லுப் பட்டால், சின்னக் கீறலெண்டாலும், சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ, நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும்தான். அட்டையையும் கையோட எடுத்துக்கொண்டு போங்கோ, அவை கேப்பினம்.