இ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் காட்டாத மகாதமனிக் கிழிசல்: எல்லோருக்கும் முதலிலேயே சி.டி. எடுத்தால் என்ன?

கேள்வி: திண்டுக்கல்காரன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 63 வயது. பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை நினைவிருந்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிமிர்ந்தவர், தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ அரிவாளால் பிளப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி அப்படியே திண்ணையில் சாய்ந்துவிட்டார்.

முதலில் கொண்டுசென்ற மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பெரிய மாற்றம் இல்லை என்றார்கள்; மார்பு எக்ஸ்ரேயிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. வாயுப்பிடிப்பாக இருக்கலாம் என்று ஊசி போட்டு இரண்டு மணி நேரம் படுக்கவைத்தார்கள். வலி அடங்காததால் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மருத்துவர் அம்மா இரண்டு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்த்தார்: வலக் கையில் 182, இடக் கையில் 138. அதைப் பார்த்ததுமே, இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிய ஊசி வழியே மருந்து செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி.க்கு அனுப்பிவிட்டார். இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் உட்சுவர் இதயத்துக்கு அருகிலேயே கிழிந்திருந்தது. அன்று மதியமே அறுவைச் சிகிச்சை நடந்தது; இப்போது நலமாக வீட்டில் இருக்கிறார்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதல் இரண்டு பரிசோதனைகளில் தெரியாதது சி.டி.யில் எப்படித் தெரிந்தது? அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்றால், மார்பு வலியோடு வருகிற எல்லோருக்கும் முதலிலேயே அதை எடுத்துவிட்டால் என்ன?

பதில் 1: அவசரப் பிரிவு மருத்துவர்

உங்கள் தந்தை பிழைத்ததில் மகிழ்ச்சி. அந்த மருத்துவர் இரண்டாவது கையிலும் அழுத்தம் பார்த்தாரே, சி.டி.க்கான வழி அங்கேதான் திறந்தது என்பேன்.

இ.சி.ஜி. இதயத் தசையின் மின்னோட்டத்தை மட்டுமே பதிவு செய்கிறது. மகாதமனியின் சுவர் கிழிந்தாலும் இதயத்துக்குப் போகும் இரத்தம் தடைபடாதவரை அதில் எதுவும் தெரியாமல் போகலாம். இதைவிடச் சிக்கலான நிலை ஒன்றும் உண்டு. கிழிசல் பின்னோக்கிப் பரவி வலப்பக்க இதயத் தமனியின் வாயை அடைத்துவிட்டால், இ.சி.ஜி.யில் அசல் மாரடைப்பே தெரியும். அதை நம்பி இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால், கிழிந்த சுவரிலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்த வழியில்லாமல் போகும். அதற்காக, மார்பு வலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரைகளை யாரும் மறுத்துவிட வேண்டாம். மாரடைப்போடு வருகிறவர்கள் மிகப் பலர். இந்தக் கிழிசலோடு வருகிறவர்கள் மிகச் சிலர், ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 3 முதல் 5 பேர் என்பது பொதுவான கணக்கு.

அந்தச் சிலருக்குத்தான் நேரம் கிடையாது. இதயத்திலிருந்து மேலெழும் பகுதியில் ஏற்படும் கிழிசலை ஸ்டான்ஃபோர்டு ஏ வகை என்கிறோம். அறுவைச் சிகிச்சை இல்லாவிட்டால் முதல் நாளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1 முதல் 2 விழுக்காடு உயிரிழப்பு கூடும் என்பது நெடுங்காலமாகப் பாடத்தில் சொல்லப்படும் கணக்கு. மேலெழும் பகுதியைத் தொடாமல் கீழிறங்கும் பகுதியில் மட்டும் கிழிந்தால் அது பி வகை. அதற்குப் பெரும்பாலும் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் குறைக்கும் மருந்தே முதல் சிகிச்சை. ஏ வகையா, பி வகையா என்பதை நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, படம்தான் சொல்லும்.

வலி எப்படித் தொடங்கியது என்று கேட்பது எங்கள் பழக்கம். மாரடைப்பு வலி பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இது தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருக்கும். உங்கள் தந்தை சொன்ன அரிவாள் உவமையை, மாட்டையே பார்த்திராத நோயாளிகளிடமும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் வலியே இல்லாமல், மயக்கத்தோடோ ஒரு கால் மரத்துப்போயோ வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம்தான் நாங்கள் அதிகம் ஏமாறுகிறோம். இந்த அறுவைச் சிகிச்சைக்கே வழிவகுத்த அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, 2005 டிசம்பர் 31 அன்று தமக்கே இந்த வலி வந்தபோது முதலில் மாரடைப்பு என்றுதான் நினைத்தார். அப்போது அவருக்கு 97 வயது. 2006 பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 2008 வரை வாழ்ந்தார்.

பதில் 2: கதிரியக்க மருத்துவர்

எக்ஸ்ரே என்பது நிழல். மகாதமனியின் வெளிக்கோடு மட்டுமே அதில் விழும். சுவரும் உள்ளே ஓடும் இரத்தமும் ஒரே சாம்பல் நிறம். வெளிக்கோடு அகன்றிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் கிழிசல் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்காவது எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கும்; படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் நல்ல மனிதருக்கும் அகன்று தெரியும். மார்பின் மேல் கருவியை வைத்து ஒலி அலையால் பார்க்கும் எக்கோவில் மகாதமனியின் வேர்ப்பகுதி தெரியும். வளைவும் அதற்குப் பிறகான பகுதியும் நுரையீரல் காற்றுக்குப் பின்னால் மறைந்துவிடும். சி.டி. அறைக்குக் கொண்டுபோக முடியாத அளவு நிலைமை மோசமானவருக்கு உணவுக்குழாய் வழியாக எக்கோ பார்ப்பது நல்ல வழி. எம்.ஆர்.ஐ. துல்லியமானதுதான், ஆனால் துடித்துக்கொண்டிருப்பவரை அதற்குள் அத்தனை நேரம் படுக்கவைக்க முடியாது.

சி.டி.யில் கான்ட்ராஸ்ட் நிறைந்த மகாதமனி, குறுக்குவெட்டில் வெள்ளை வட்டமாகத் தெரியும். உட்படலம் கிழிந்திருந்தால் அந்த வட்டத்துக்குள் நூல் இழைபோல ஒரு கறுப்புக் கோடு நெளிந்து ஓடும். கோட்டுக்கு ஒருபுறம் பளிச்சென்றும் மறுபுறம் சற்று மங்கலாகவும் இருக்கும். பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் உண்மையான பாதை. மங்கல், சுவரின் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டு இரத்தம் தானே உண்டாக்கிய பொய்ப் பாதை. சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் கிளைகள் எந்தப் பாதையிலிருந்து பிரிகின்றன என்பதையும் பார்த்துத்தான் அறிக்கை எழுதுகிறோம். கான்ட்ராஸ்ட் செலுத்துவதற்கு முன் வெறுமனே ஒரு சுற்று எடுப்பதற்கும் காரணம் உண்டு: கோடே இல்லாமல் சுவருக்குள் இரத்தம் கசிந்து உறைந்திருந்தால், அது மூன்றாம் பிறைபோல வெளிறித் தெரியும், கான்ட்ராஸ்டின் வெளிச்சத்தில் அந்தப் பிறை கண்ணுக்குத் தப்பிவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கதிர்வீச்சும் கான்ட்ராஸ்ட் ஒவ்வாமையும் உண்டு என்பது பாதிப் பதில்தான். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்த சி.டி. பொய்யான ஆறுதலைத் தந்துவிடும் என்பதே என் பெரிய கவலை. நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் படம், கான்ட்ராஸ்ட் நுரையீரலை அடையும் நொடியில் எடுக்கப்படுகிறது. மகாதமனி அப்போது சரியாக நிறைந்திருக்காது. படிவத்தில் ‘மார்பு வலி’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால், எந்த நொடியில் எடுப்பது என்பதை நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ‘திடீர் முதுகு வலி, இரு கைகளில் அழுத்த வேறுபாடு, மகாதமனிக் கிழிசல் சந்தேகம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் படமே வேறாக வரும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. இதயம் துடிக்கும்போது மகாதமனியின் வேரும் அசைவதால், அதன் ஓரம் இரட்டையாகப் பதிந்து கிழிசல்போலவே தெரியும். அதை நம்பி நல்ல மார்பைத் திறந்துவிடக் கூடாது. ஆகவே முடிந்த இடங்களில் இ.சி.ஜி. துடிப்போடு இணைத்துப் படமெடுக்கிறோம்.

பதில் 3: சி.டி. ரேடியோகிராபர்

மருத்துவர்கள் சொன்னதோடு, மேசைக்கு அருகில் நிற்பவனாக ஒன்று சேர்க்கிறேன். மருந்து ஏற்றுவதற்காகப் புறங்கையில் குத்திய சின்ன இளஞ்சிவப்பு ஊசிக்குழாயோடு (வென்ஃப்ளான்) நோயாளியை அனுப்பிவிடுவார்கள். இந்தப் படத்துக்கு நொடிக்கு 4 மி.லி. அளவில் கான்ட்ராஸ்ட் பாய வேண்டும்; அதற்கு முழங்கை மடிப்பில் பச்சை நிற வென்ஃப்ளான் வேண்டும், அதுவும் முடிந்தால் வலக் கையில். இடக் கையில் செலுத்தினால் கான்ட்ராஸ்ட் மகாதமனி வளைவுக்கு முன்னால் குறுக்கே போகும் சிரையில் அடர்த்தியாகச் செல்லும். பார்க்க வேண்டிய இடத்திலேயே கோடு கோடாக வந்து படம் கெட்டுவிடும். சி.டி. அறையில் புதிதாக நரம்பு தேடும் பத்து நிமிடம் யார் கணக்கிலும் வராது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியாட்டினின் இரத்தப் பரிசோதனையின் முடிவு வரட்டும் என்று காத்திருப்பதும் அப்படித்தான். உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. மேசையில் படுத்த பிறகு கழுத்திலிருந்து தொடை வரைக்கும் எடுத்து முடிக்கப் புதிய கருவிகளில் சில நொடிகள்தான். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை எடுத்தபோது ஒரு சுற்றுக்கே நிமிடக்கணக்கில் ஆயிற்று; துடிக்கும் மகாதமனியை அந்தக் கருவியில் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்: திண்டுக்கல்காரன்

மிக்க நன்றி. எங்கள் படிவத்தில் அந்த மருத்துவர் அம்மா மூன்று வரி எழுதியிருந்தார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. இன்னும் ஓர் ஐயம். அப்பாவுக்கு மீண்டும் மீண்டும் ஸ்கேன் தேவையா? பிள்ளைகளாகிய நாங்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 4: கதிரியக்க மருத்துவர்

தேவை. கிழிந்த மேற்பகுதியை மாற்றிய பிறகும், வளைவைத் தாண்டிக் கீழே பொய்ப் பாதை பலருக்கு அப்படியே நீடிக்கும். அது ஆண்டுகள் கழித்து மெல்ல வீங்கலாம். அதனால் முதல் ஆண்டில் சில முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் படமெடுத்து அளப்பது வழக்கம். துல்லியமான கால இடைவெளியை அறுவை மருத்துவர் சொல்வார். பெற்றோருக்கு இந்த நோய் வந்திருந்தால் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் ஒரு முறை மகாதமனியை அளந்து பார்ப்பது நல்லது. முதலில் எக்கோ போதும். அதோடு உங்கள் இரத்த அழுத்தத்தையும் இந்த வாரமே பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல், பழைய ஸ்கேன் பதிவான குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள். வளைந்த குழாயைச் சற்றுச் சாய்வாக வெட்டி அளந்தால் 46 மி.மீ. என்பது 49 ஆகிவிடும். வீங்கியது மகாதமனியா, அளவுகோல் சாய்ந்ததா என்பதை இரண்டு படங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் வைத்தால்தான் எங்களால் சொல்ல முடியும்.