பிளாஸ்டர் சிலையின் கணுக்காலில் துருக்கறை, உதவி தேவை

என்னிடம் உள்ள பெண் உருவப் பிளாஸ்டர் சிலை ஒன்றின் இடது கணுக்காலில், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியிலிருந்து துருக்கறை பரவுகிறது, போன குளிர்காலத்தில் தொடங்கியது, இப்போது மெல்லிய விரிசலும் விட்டிருக்கிறது. இருப்பது பெர்லின். உயரம் சுமார் 40 செ.மீ, கைகளை உயர்த்தி நிற்கும் உருவம், அடியில் ஜி.கே. என்று கீறல். ஜெர்மன் சிற்பி கியோர்க் கோல்பே 1925இல் செய்த 'காலை' சிலையின் சாயல் நன்றாகத் தெரிகிறது (1929 பார்சிலோனா உலகக் கண்காட்சியின் ஜெர்மன் அரங்கில் குளத்தில் நின்றதே, அதுதான்), ஆனால் செய்தது யாரென்பது அப்புறம், முதலில் இது உடையக்கூடாது.

மென்தூரிகையால் தூசி எடுத்தேன். ஈரமில்லாத அறைக்கு மாற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைத்தேன், கறை நிற்கவில்லை. பிளாஸ்டர் நீரை உறிஞ்சும் என்பதால் ஈரத்துணி படவே விடவில்லை.

உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை வெளியே எடுக்காமல் துருவை நிறுத்த வழி இருக்கிறதா?