'நைஸ்' எங்கள் 'நயம்' தானா?

பாலைப்பழம்:
கிளிநொச்சியில் ஓஎல் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நேற்று ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், நைஸ் எண்ட சொல் எங்கட நயத்தில இருந்து போனதாம், வாட்ஸ்அப்பில வந்தது, உண்மையோ?" என்று கேட்டான். சந்தையில் "மீன் இண்டைக்கு நயம்" என்றால் மலிவு, நயமான பேச்சு என்றால் இனிமையான பேச்சு, கட்டுமரமும் கறியும் ஆங்கிலத்துக்குப் போன வழியில் இதுவும் போயிருக்கலாமே என்று எனக்கும் ஒரு சின்ன ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
ஆசைப்படலாம் ரீச்சர், ஆனால் கணக்கு இடிக்குது. எங்கள் சொல் அங்கே போக முதலில் வெள்ளைக்காரரின் கப்பல் இங்கே வரவேணும், போர்த்துக்கேயர் இலங்கைக் கரைக்கு வந்தது 1505இல். நைஸ் அதற்கு இருநூறு வருடம் முந்தியே, 1300 அளவில், ஆங்கிலத்தில் இருக்கு. பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல், மூலம் 'நெஸ்கியுஸ்'. 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல், ஆக ஒன்றும் அறியாதவன். எங்கள் பாஷையில் மோடன்! அந்தக் காலத்தில் ஒருவரை நைஸ் என்றிருந்தால் அடிதான் விழுந்திருக்கும்.

கனகராயன்:
மோடன் நல்லவனான கதைதான் எனக்குப் பிடித்தது. முதலில் மோடன், பிறகு கூச்சக்காரன், பிறகு எதற்கும் நொட்டை சொல்லுகிறவன், அப்படிச் சின்னச் சின்ன வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கிறவன் நுட்பக்காரன்தானே, அந்தப் பொருளும் ஏறி, 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் 'இனிமையான' என்று வருகுது. நுட்பம் இன்னும் சாகவில்லை, 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நுண்ணிய வேறுபாடு. எங்களிடம் எதிர்த்திசையில் போன சொல் நாற்றம். ஆண்டாள் "கருப்பூரம் நாறுமோ" என்று கேட்டது வாசனையை. இன்றைக்கு விருந்துக்குப் போன வீட்டில் "கறி நாறுது" என்று சொல்லிப் பாருங்கோ, அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

மாங்குளத்தான்:
சொல்ல மறந்திட்டன், சயன்ஸும் அதே ஸ்கிரேயின் பிள்ளைதான். அறிவும் அறியாமையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பாலைப்பழம்:
சரி, நயம் கதை அவ்வளவுதான். நான் என்ன செய்ய, நேற்று அந்தப் பெடியனின் கொப்பியில் சிவப்புப் பேனையால் பெரிசாக 'நைஸ்' என்று எழுதிக் கொடுத்திட்டன். நாளைக்கு இதைச் சொன்னால் முதல் வேலையாக அதைத்தான் தூக்கிக் காட்டப் போறான்.